ரெக்கார்டருக்குப் புது டிஸ்க் வாங்கும் முன்

என் டிவி ரெக்கார்டரின் ஹார்ட் டிஸ்க் ராத்திரியெல்லாம் 'டிக், டிக்' என்று முனகி, இரண்டே வாரத்தில் படுத்துவிட்டது. அவசரத்தில், கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிவைத்த, நிமிடத்துக்கு 7200 சுழற்சி போடும் டிஸ்க்கை மாட்டினேன். ஓடியது. ஆனால் பெட்டி இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது.

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து, பழைய டிஸ்க்கின் லேபிளைப் போட்டோ எடுங்கள். 3.5 அங்குலமா, 2.5 அங்குலமா? ஒல்லி கேபிள் போட்ட சாட்டாவா, பட்டை கேபிள் போட்ட பழைய ஐடிஇ-யா? இது பொருந்தாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

லைவை நிறுத்திப் பார்க்கும் வசதிக்காக ரெக்கார்டர் ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும். அதற்கு வேகம் வேண்டாம், சளைக்காத உழைப்பு வேண்டும். ஹெச்டி சேனல் நொடிக்கு 8 மெகாபிட் என்றால் 1 மெகாபைட்தான். 5400 சுழற்சி டிஸ்க்குக்கு அது தூசு. கண்காணிப்புக் கேமராவுக்கென வரும் டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை 24 மணி நேரமும் எழுதவே செய்யப்பட்டவை. கடைசியில் நான் போட்டதும் அந்த வகைதான். எஸ்எம்ஆர் டிஸ்க் என்றால் ஒதுங்கிவிடுவேன்: கூரை ஓடு மாதிரி, டேட்டா எழுதும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், ஒன்றை மாற்றினால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். தடங்கள் அப்படி ஏறாத சிஎம்ஆர் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

நொடிக்கு 1 மெகாபைட் கணக்கில் மணிக்கு 3.6 ஜிபி, 1 டிபி-யில் (1000 ஜிபி) சுமார் 277 மணி நேரம். பேராசை வேண்டாம், பழைய பெட்டிகள் பல 2 டிபி-க்கு மேல் ஏற்காது.

சில பெட்டிகளில் மென்பொருளே டிஸ்க்கில்தான் இருக்கும். அப்படியானால் பழையது மூச்சை விடுவதற்குள் முழு நகல் எடுத்துவிடுங்கள்.