மெண்டோசாவிலிருந்து சாண்டியாகோவுக்குக் காரில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அர்ஜென்டினாவின் மெண்டோசாவுக்கும் சிலியின் தலைநகர் சாண்டியாகோவுக்கும் இடையே சாலை வழியாக ஏறக்குறைய 360 கிலோமீட்டர். மேப்பில் போட்டுப் பார்த்தால் ஐந்தரை, ஆறு மணி நேரம் காட்டும். காலைச் சாப்பாட்டை மெண்டோசாவில் முடித்துக்கொண்டு கிளம்பினால் மாலையில் சாண்டியாகோவில் விமானம் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறையப் பேர். இந்த வழியில் மாட்டிக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கணக்கை நம்பியவர்கள்தான். நடுவில், ஒரு கணவாய் வழியாகக் கடக்க வேண்டிய ஆண்டீஸ் மலை இருக்கிறது. அதன் முகட்டை ஒட்டி இரண்டு நாடுகளின் சோதனைச்சாவடியும் இருக்கிறது. எப்போது போய்ச் சேர்வீர்கள் என்பது இவை இரண்டின் கையில். ஆக்சிலரேட்டருக்கு அதில் பெரிய பங்கு கிடையாது.

எனவே முதல் தவறு, போய்ச்சேரும் நாளிலேயே விமான டிக்கெட் எடுப்பது. ஓர் இரவாவது இடைவெளி விடுங்கள். ஜனவரி, பிப்ரவரி இங்கே கோடை விடுமுறைக் காலம். அர்ஜென்டினாக்காரர்கள் குடும்பம் குடும்பமாகச் சிலியின் விஞ்ஞா தெல் மார் கடற்கரைக்குப் படையெடுப்பார்கள். விலை வித்தியாசம் பெரிதாக இருக்கும் காலங்களில் சிலிக்குத் துணிமணியும் செல்பேசியும் வாங்கப் போகும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். அப்போது எல்லையில் பல மணி நேரம் வரிசையில் நிற்பது சாதாரணம். வெள்ளி, சனியைத் தவிர்த்து வார நடுவில் விடியும் முன் கிளம்புகிறவர்களுக்கு வரிசை குறைவு. பிற்பகலில் கிளம்பினால் இன்னொரு தொல்லையும் உண்டு. மேற்கு நோக்கிப் போகிற பாதை என்பதால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும்.

வானிலையை எங்கே பார்க்கிறீர்கள்?

இதுதான் விவரம் தெரிந்தவர்களும் செய்யும் தவறு. மெண்டோசாவில் வானம் பளிச்சென்று இருக்கிறது, காற்று வெதுவெதுப்பாக இருக்கிறது, எனவே கணவாய் திறந்திருக்கும் என்று முடிவு கட்டுவது. குளிர்காலத்தில் மெண்டோசாவில் திடீரென வெப்பம் ஏறி வறண்ட காற்று வீசினால் அதற்கு ‘சோண்டா’ என்று பெயர். பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று ஆண்டீஸின் மேற்குச் சரிவில் ஏறும்போது ஈரத்தைப் பனியாகக் கொட்டிவிடுகிறது. காய்ந்துபோன அந்தக் காற்று கிழக்குச் சரிவில் இறங்கும்போது அழுத்தத்தால் சூடாகி மெண்டோசாவை அடைகிறது. ஆக, கீழே சட்டைக் கையை மடித்துவிடும்படி வெக்கை அடிக்கிற அதே நாளில் மேலே கணவாய் பனியில் மூடிக் கிடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. பார்க்க வேண்டிய வானிலை லாஸ் குவேவாஸ், போர்டில்யோ போன்ற மலைமேல் ஊர்களுடையது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பனிப்பொழிவால் கணவாய் நாள்கணக்கில் மூடப்படுவது ஆண்டுதோறும் நடப்பது. திறந்திருக்கும் நாட்களிலும் இரவில் வாகனங்களை விடமாட்டார்கள்; நேரக் கட்டுப்பாடு உண்டு. டயர்களுக்குச் சங்கிலி வண்டியில் இருக்க வேண்டும். வாடகை நிறுவனம் கொடுக்கும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள், முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். மாட்டிப் பழகாத சங்கிலியைப் பனிக்காற்றில் விரல் விறைத்த நிலையில் மாட்ட முயல்வது வேண்டாத சோதனை. ஊரிலேயே ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடலாம். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் நம்மூர்ப் பழக்கம் இங்கே ஆகாது. உறைந்தால் எஞ்சின் போய்விடும், கூலன்ட் கட்டாயம்.

கோடையில் பனி இல்லை, பயமில்லை என்றும் சொல்ல முடியாது. அர்ஜென்டினப் பக்கம் பொட்ரெரில்லோஸ், உஸ்பல்யாட்டா பகுதியில் மாலை நேர இடிமழை வந்தால் மொட்டை மலைகளிலிருந்து சேறும் கல்லும் இறங்கித் தேசிய நெடுஞ்சாலை 7-ஐ மறித்துவிடும்.

கிளம்பும் காலையில் கணவாயின் நிலையை இரண்டு நாட்டு அரசுகளின் அறிவிப்பிலும் பாருங்கள். ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் மூடியிருந்தால் பயனில்லை. அறிவிப்பில் உள்ள நேரம் எந்த நாட்டு நேரம் என்பதையும் கவனிக்க வேண்டும். அர்ஜென்டினா ஆண்டு முழுக்க ஒரே நேரத்தில் இருக்கிறது. சிலியோ ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துக்கொள்கிறது. திரும்பி வரும்போது இந்த ஒரு மணி நேரத்தில் கோட்டைவிட்டு, அடைத்த கதவின் முன் போய் நிற்பவர்கள் உண்டு.

கணவாய் மூடினால் வேறு வழியில் போய்விடலாம் என்பதும் வீண் நம்பிக்கை. தெற்கே பெவென்சே கணவாய்க்கு முதலில் மலார்குவே வரை நானூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அதே புயல் அதையும் மூடியிருக்கும். வடக்கே அகுவா நெக்ரா 4,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது, கோடையில் மட்டும் திறப்பார்கள். காத்திருப்பதுதான் வழி. மெண்டோசாவில் காத்திருப்பது அப்படியொன்றும் தண்டனையும் இல்லை.

காரும் காகிதமும்

மெண்டோசாவில் வாடகைக்கு எடுத்துச் சாண்டியாகோவில் விட்டுவிடலாம் என்று திட்டமிடுவது பெரும்பாலும் நடக்காது. எந்த நாட்டில் பதிவான வண்டியோ அந்த நாட்டுக்கே திரும்ப வேண்டும் என்பார்கள். அபூர்வமாக ஒப்புக்கொண்டாலும் கட்டணம் தலைசுற்றும். எல்லை தாண்டுவதற்கே தனி அனுமதிப் பத்திரம் தேவை. அதைத் தயார் செய்ய நிறுவனங்கள் சில நாட்கள் எடுத்துக்கொள்ளும், தனிக் கட்டணமும் வாங்கும். கவுண்டரில் சாவியை வாங்கும்போது “நாளை சிலிக்குப் போகிறோம்” என்று சொன்னால் கையை விரிப்பார்கள். நண்பரின் காரில் போவதானால் உரிமையாளர் நோட்டரி முன் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காப்பீடு. அர்ஜென்டினாவில் ‘கார்த்தா வெர்தே’ என்ற பச்சை அட்டையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரேசில், உருகுவே, பராகுவே போன்ற மெர்கோசூர் வணிகக் கூட்டணி நாடுகளுக்குப் போகும்போது கேட்கப்படுவது அது. அது கையில் இருப்பதால் சிலியிலும் கவலையில்லை என்று கிளம்பிவிடக் கூடாது. வெளிநாட்டுப் பதிவு வண்டிகளுக்குச் சிலியில் ‘சோவாபெக்ஸ்’ என்ற தனிக் கட்டாயக் காப்பீடு இருக்கிறது. இணையத்திலேயே வாங்கிவிடலாம், பெரிய தொகையும் இல்லை. வாடகை வண்டியென்றால் அனுமதிப் பத்திரத்தோடு இதுவும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

விசா விஷயத்தில் இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் ஷெங்கன் விசா இருப்பதுபோல இங்கே பொது விசா கிடையாது; அர்ஜென்டின விசா சிலிக்குச் செல்லாது. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு எல்லையைத் தாண்டிவிட்டால் திரும்பிவர முடியாது. வாடகைக் கார் திரும்பியாக வேண்டும், உங்களால் திரும்ப முடியாது என்ற நிலையை எண்ணிப் பாருங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியோடு ஊரில் வாங்கிய அசல் உரிமத்தையும் கொண்டு போங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் செல்லும். தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் குழந்தையோடு போனால் மற்றவரின் நோட்டரி ஒப்புதல் இல்லாமல் எல்லையில் சிக்கல் வரும்.

ஓட்டுநரோடு கார் பேசிக்கொண்டு போகிறவர்கள் ஒன்றே ஒன்றைக் கேட்டால் போதும்: எல்லை தாண்டிப் பயணிகளை ஏற்றிச்செல்ல உரிமம் இருக்கிறதா? ஊருக்குள் ஓடும் வாடகை வண்டிக்கு அது இருக்காது.

பையில் கிடக்கும் ஆப்பிள்

மெண்டோசாவிலிருந்து போகும்போது லாஸ் லிபெர்த்தாதோரெஸ் என்ற சிலி வளாகத்தில்தான் இரண்டு நாட்டுச் சோதனையும் ஒரே இடத்தில் நடக்கும். திரும்பும்போது அர்ஜென்டினப் பக்கம் ஓர்கோனெஸில். போகும் வழியில் ஓர்கோனெஸைப் பார்த்துவிட்டு, முத்திரை வாங்க வேண்டுமோ என்று பதற வேண்டாம்.

வளாகத்தில் குடிநுழைவு, சுங்கம் எல்லாம் வழக்கமானவை. பலரைப் பிடிப்பது ‘சாக்’ எனப்படும் சிலியின் வேளாண் பாதுகாப்புத் துறை. வடக்கே அடகாமா பாலைவனம், கிழக்கே ஆண்டீஸ், மேற்கே கடல் என்று அடைபட்ட நாடு சிலி. வெளிப் பூச்சிகள் எளிதில் நுழைய முடியாத அந்த அமைப்பை நம்பித்தான் திராட்சை, செர்ரி ஏற்றுமதி நடக்கிறது. ஒரு பழ ஈ உள்ளே வந்தாலும் அவர்களுக்கு அது பெரிய விவகாரம். அதனால் பெட்டிகளை எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள், நாய்களை விட்டு மோப்பம் பிடிப்பார்கள். பழம், காய்கறி, இறைச்சி, தேன், விதை எதுவானாலும் படிவத்தில் ‘இருக்கிறது’ என்று குறித்துவிட்டால் அதிகபட்சம் பொருளைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ‘இல்லை’ என்று எழுதிப் பிடிபட்டால் அபராதம், அது சின்னத் தொகையும் அல்ல. வழியில் கடிக்கப் போட்டு மறந்துபோன ஆப்பிள்தான் இதில் பிரபலமான குற்றவாளி. தமிழ் வீட்டுப் பைகளில் வெந்தயமும் கடுகும் முளைக்கக்கூடிய முழுப்பயறும் கறிவேப்பிலையும் இருக்கும். அவையும் விதை, இலை கணக்கில்தான் வரும். சந்தேகம் வந்தால் எழுதிவிடுவதே லாபம்.

மலைமேல்

டேங்க்கை உஸ்பல்யாட்டாவில் நிரப்பாமல் விடுவது அடுத்த தவறு. அதற்குப் பிறகு சிலியின் லாஸ் ஆண்டெஸ் வரை 150 கிலோமீட்டருக்கு மேல் நம்பகமான பெட்ரோல் பங்க் கிடையாது. எல்லை வரிசையில் ஹீட்டர் ஓட நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். செல்பேசி சிக்னலும் இந்தப் பகுதியில் அறுந்து அறுந்து வரும்; மேப்பை இறக்கி வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

எல்லைச் சுரங்கப்பாதை ஏறக்குறைய 3,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா உச்சியைவிட ஐந்நூறு மீட்டருக்கு மேல் அதிகம். காற்று மெலிவதால் டர்போ இல்லாத எஞ்சின் அங்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு திறனை இழந்துவிடும். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏற்றிய ஒரு லிட்டர் எஞ்சின் காரில், ஊர்ச்சாலையில் ஓட்டிய நினைப்பில் லாரியை முந்தப் போவது ஆபத்து. நாள் முழுக்க லாரிகள் வரிசையாக ஓடும் பாதை இது.

மனிதருக்கும் மூச்சு வாங்கும். 750 மீட்டர் உயரத்திலிருக்கும் மெண்டோசாவிலிருந்து சில மணி நேரத்தில் இங்கே ஏறிவிடுவதால் லேசான தலைவலி வரலாம். தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்காமல் கடந்துவிட்டால் இறங்கும்போது சரியாகிவிடும். சிக்கல், லாஸ் குவேவாஸிலிருந்து 3,800 மீட்டருக்கு மேலே நிற்கும் மீட்பர் கிறிஸ்து சிலையையும் பார்த்துவிடலாம் என்று மண்சாலையில் ஏறும்போது வரும். எல்லைத் தகராறில் போர்வரை போக இருந்த இரு நாடுகளும் சமாதானமாகி 1904-இல் நிறுவிய சிலை அது. பார்க்க வேண்டியதுதான், ஆனால் கைக்குழந்தையோடும் இதய நோயாளியோடும், எல்லை தாண்டும் அதே அவசர நாளில் வேண்டாம். நிற்க ஆசையிருந்தால் 6,961 மீட்டர் அக்கொன்காகுவா தெரியும் ஓர்கோனெஸில் நிற்கலாம். இயற்கையே கட்டிய பாலமான புவெந்தே தெல் இன்காவில் நிற்கலாம் (பாலத்தின் மேல் நடக்க அனுமதியில்லை). வளைவில் வண்டியை ஓரங்கட்டிப் படமெடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

சிலிப் பக்கம் போர்டில்யோவைத் தாண்டியதும் ‘கராகோலெஸ்’ வரும். மலைச்சுவரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கொண்டை ஊசி வளைவுகள். எண்ணிட்ட பலகைகள் வைத்திருப்பார்கள், 29 வரை போகும். இங்கே பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்குவது மிகப் பெரிய தவறு. சூடேறிய பிரேக், நடுவழியில் பிடிக்காமல் போகும். ஏறும்போது போடும் கியரிலேயே இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் கீழ் கியரை நிறுத்திவைக்க வழி இருக்கும். எப்படி என்று சமதளத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அர்ஜென்டின நெடுஞ்சாலைகளில் பட்டப்பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும். தீயணைப்பானும் எச்சரிக்கை முக்கோணங்களும் வண்டியில் இருக்க வேண்டும். சிலியில் ஒளிரும் மேலங்கியும் கேட்பார்கள். மெண்டோசா திராட்சை ரசத்துக்குப் பேர்போன ஊர், காலையிலேயே ஒயின் சுவைக்கக் கூப்பிடுவார்கள். ஓட்டப்போகிறவர் போக வேண்டாம். சிலியில் ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.3 கிராம் ஆல்கஹாலே குற்றம்.

நகருக்குள் நுழைந்த பிறகு

லாஸ் ஆண்டெஸுக்குப் பிறகு சாண்டியாகோ வரை கட்டணச் சாலை. அர்ஜென்டின பெசோ அங்கே செல்லாது. மெண்டோசாவின் நாணய மாற்றுக் கடைகளிலேயே கொஞ்சம் சிலி பெசோ வாங்கிக்கொள்ளுங்கள். நகருக்குள் விரைவுச்சாலைகளில் சாவடியே இருக்காது. மேலே உள்ள கருவி, வண்டியில் ஒட்டிய ‘டேக்’கைப் படித்துக் கணக்கில் ஏற்றிக்கொள்ளும். யாரும் நிறுத்தவில்லை என்பதால் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். டேக் இல்லாத வண்டியின் எண்பலகையைக் கேமரா எடுத்துவிடும். அர்ஜென்டினப் பதிவு வண்டியில் டேக் இருக்காது என்பதால் ‘பாசே தியாரியோ’ என்ற ஒருநாள் சீட்டை முன்கூட்டியோ பயணித்த சில நாட்களுக்குள்ளோ வாங்க வேண்டும். சிலியில் எடுத்த வாடகை வண்டியானால் டேக் கட்டணத்தை எப்படி வசூலிப்பார்கள் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். சாவி வாங்கும்போதே படித்துவிடுங்கள்.