எதிர்த் தெருவில் உங்களுக்கு ஒரு போன் நம்பர் இருக்கிறதா?

ஊர்ச் சண்டை எப்படித் தொடங்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். திருவிழாக் கூட்டத்தில் யாரோ தோளில் இடித்திருப்பான், பைக் உரசியிருக்கும், இல்லையென்றால் ஒரு ஃபிளெக்ஸ் கிழிந்திருக்கும். ஒரு மணி நேரத்தில் இரண்டு தெருவிலும் கூட்டம் கூடிவிடும். அங்கே முன்வரிசையில் நிற்பது யார்? இருபதைச் சுற்றியுள்ள பையன்கள். அடிப்பதும் அவர்கள், அடி வாங்குவதும் அவர்கள், பிறகு வழக்கில் பெயர் சேர்ந்து வேலைக்கான போலீஸ் விசாரணையில் மாட்டிக்கொள்வதும் அவர்கள்தான்.

அதனால் முதல் வேலை, சண்டை இல்லாத நாளிலேயே எதிர்த் தெருவில் ஒருவனுடைய நம்பரை வாங்கி வைப்பது. ரொம்பச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் கூட்டம் கூடிய ராத்திரியில் "டேய், அங்க என்னதான் நடந்துச்சு?" என்று நேராகக் கேட்க ஒரு ஆள் இல்லாததால்தான் பாதி சண்டை பெரிதாகிறது. ஒரு தெருவுக்கு மூன்று பேர் போதும், அதில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும். வீட்டுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது பையன்களைவிட அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். பொங்கலுக்குக் கபடியோ வாலிபாலோ நடத்தினால் தெருவுக்கு ஒரு டீம் என்று பிரிக்காதீர்கள், அது சண்டைக்கு நாமே தேதி குறிப்பது. பெயரெல்லாம் எழுதிச் சீட்டுக் குலுக்கிப் போட்டு டீம் பிரியுங்கள். முதல் வருஷம் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை.

அடுத்தது வாட்ஸ்அப். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து ஊரே சேர்ந்து அடித்ததில் 65 வயதுப் பாட்டி ஒருவர் இறந்துபோனார். அதற்கு முன் பல நாளாக செல்போனில் சுற்றிய வதந்திதான் காரணம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வேறெங்கோ நடந்த வீடியோக்களைப் பரப்பினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரிக்க வேண்டியிருந்தது.

உங்கள் குரூப்பில் அப்படி ஒன்று வந்தால், இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பல கை மாறி வந்தது, அனுப்பியவருக்கே மூலம் தெரிந்திருக்காது. வீடியோவில் ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால் பழைய வீடியோவாக இருந்தால் பெரும்பாலும் சிக்கிவிடும். அனுப்பியவர் சித்தப்பாவோ மாமாவோ என்றால் குரூப்பில் வைத்துத் திருத்தாதீர்கள், தனியாக போன் செய்து "மாமா, இது பழைய வீடியோ, நீங்களே எடுத்துடுங்க" என்று சொல்லுங்கள். நாலு பேர் முன்னால் மட்டம் தட்டினால் பொய் என்று தெரிந்த பிறகும் வீம்புக்கு விடமாட்டார்.

நிஜமாகவே கூட்டம் கூடிவிட்டால் நடுவில் போய் வீரம் காட்ட வேண்டாம். உங்கள் பக்கத்துப் பையன்களை மட்டும் கலைத்து வீட்டுக்கு அனுப்புங்கள், எதிர்ப்பக்கத்தை எதிர்ப்பக்கத்து ஆள் பார்த்துக்கொள்வான். அதற்குத்தான் அந்த நம்பர். குடித்திருப்பவனோடு நியாயம் பேசாதீர்கள். கையில் கம்போ கத்தியோ தெரிந்தால் யோசிக்காமல் 112.

இதில் இன்னொன்று இருக்கிறது, இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். நம் ஊரில் சமாதானம் பேசுவது என்றாலே பல நேரம் அடிபட்டவனை உட்கார வைத்து "கேஸை வாபஸ் வாங்கு, ஊர் ஒத்துமையா இருக்கணும்" என்று மிரட்டுவதுதான். அது கட்டப்பஞ்சாயத்து. அந்தக் கூட்டத்தில் நீங்கள் போய் உட்காராதீர்கள். பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்த ஒருவரைச் சாதியைச் சொல்லி வேறு சாதிக்காரர்கள் அடித்திருந்தால் அதற்கு 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும், எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். காசில்லை என்றால் 15100-க்கு அழைத்து இலவச சட்ட உதவி கேட்கலாம். அவரோடு ஸ்டேஷன் வரைக்கும் கூடப் போங்கள். அதுவும், குறிப்பாக அடித்தவர்களுடைய தெருவைச் சேர்ந்தவராக நீங்கள் இருந்தால், அமைதிக்காக நீங்கள் செய்யக்கூடியதில் அதுதான் பெரியது.

பள்ளிக்கூடத்துத் தம்பிகளையும் விட்டுவிடாதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது கூடப் படித்த பையன்கள் என்ற செய்தி வந்த அன்று யாரும் நிம்மதியாகத் தூங்கியிருக்க முடியாது. அதன் பிறகு தமிழ்நாடு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதி நிறக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. உங்கள் கையில் கயிறு இருந்தால் முதலில் அதை அவிழ்த்துவிட்டு அப்புறம் தம்பியிடம் பேசுங்கள்.

ஐ.நா. பாதுகாப்பு சபை 2015 டிசம்பரில் போட்ட 2250-ஆம் தீர்மானம், அமைதி பற்றி முடிவெடுக்கும் இடங்களில் இளைஞர்களுக்கும் இடம் வேண்டும் என்கிறது. நமக்கு அந்த இடம் கிராம சபைதான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் கிராம சபை நாட்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் உறுப்பினர், எழுந்து பேசலாம். பொதுப் பாதை, சுடுகாடு, தண்ணீர்க் குழாய் என்று எதற்காக உங்கள் ஊரில் வருஷா வருஷம் சண்டை வருகிறதோ அதை ஒரு தாளில் எழுதி, இரண்டு தெருப் பிள்ளைகளும் கையெழுத்துப் போட்டு, அடுத்த கூட்டத்தில் கொடுங்கள்.