ஜோன் ஆஃப் ஆர்க் சிறு சிலைகள்: வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

கவசம் அணிந்து, தலை கவிழ்ந்து, வாளை மார்போடு அணைத்து நிற்கும் பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கின் சிலையைப் பழம்பொருள் ஏலங்களில் அடிக்கடி பார்க்கலாம். பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப்பின் மகள் மரி, வெர்சாய் அரண்மனைக்காக 1837-இல் செய்து முடித்த பளிங்குச் சிலையின் சிறிய பிரதிகள் இவை. அடியில் இளவரசியின் பெயர் இருந்தால் அவரே செய்தது என்று நம்பிப் பணத்தைக் கொட்டிவிடுகிறார்கள். அவர் 25 வயதில், 1839-லேயே இறந்துவிட்டார். பிரதிகளோ அதன் பிறகும் வந்துகொண்டிருந்தன. மூல வடிவம் யாருடையது என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்லும். வார்த்தது யார், எப்போது என்பதற்கு வார்ப்பகத்தின் முத்திரையைத் தேடுங்கள்.

அடுத்தது உலோகம். காந்தம் ஒட்டவில்லை, அதனால் வெண்கலம்தான் என்பார்கள். துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாதே! மலிவு விலைப் பிரதிகள் பல துத்தநாகத்தில் வார்த்து, வெண்கல நிறம் பூசப்பட்டவை. சிலையைத் திருப்பி, அடிவிளிம்பில் நிறம் தேய்ந்த இடத்தைப் பாருங்கள். உள்ளே சாம்பல் வெள்ளையாக இருந்தால் துத்தநாகம். மஞ்சளோ செம்பழுப்போ தெரிந்தால் வெண்கலமாக இருக்க வாய்ப்பு அதிகம். சுரண்டிப் பார்க்க வேண்டாம்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை, வாங்கி வந்ததும் புளியோ பித்தளை பாலிஷோ போட்டுப் பளபளக்கத் தேய்ப்பது. அந்தப் பழுப்பு நிறம் அழுக்கல்ல. வார்த்த பிறகு அமிலமும் சூடும் கொடுத்துப் பட்டறையில் வேண்டுமென்றே கொண்டுவந்த நிறம். கவசத்தின் மடிப்புகளில் கருமை தங்கி, மேடுகளில் வெளிச்சம் படுவதால்தான் அவ்வளவு சிறிய உருவத்திலும் ஆழம் தெரிகிறது. ஒருமுறை தேய்த்துவிட்டால் அந்த நிறம் போனதுதான். துத்தநாகமாக இருந்தால் பூச்சே உரிந்துவிடும். மென்மையான, உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும்.

அப்புறம், 'அசல் முகச்சாயல்', 'புனிதர் சிலை' என்று விற்பனைக் குறிப்பில் எழுதுவார்கள். ஜோனை நேரில் பார்த்து வரைந்த ஓவியம் எதுவும் இன்று இல்லை. சிலைகளின் முகம் சிற்பிகளின் கற்பனை. திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது 1920-இல்தான். மரி செய்தது தன் நாட்டு வரலாற்றின் வீராங்கனையை. வெர்சாயில் பிரான்சின் வரலாற்றுக்காக அவருடைய தந்தை அருங்காட்சியகம் திறந்ததும் அதே 1837-இல்தான்.