செத்த மொழி ஒன்றைப் படிக்க எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் ஒரு விஷயம்: சிந்துவெளி எழுத்து, கிரீட் தீவின் பழைய எழுத்தான லீனியர் ஏ மாதிரி இன்னும் படித்தறியப்படாதவற்றில் கை வைக்காதீர்கள். ஆர்வம் அங்கேதான் இழுக்கும், ஆனால் கற்றுக்கொள்ள அங்கே மொழி இல்லை, ஊகம்தான் இருக்கிறது. நிறைய உரைகள் கிடைத்த, நல்ல இலக்கணமும் அகராதியும் உள்ள மொழியாகப் பாருங்கள். லத்தீன் எல்லாருக்கும் தெரிந்த வழி. என் ஓட்டு பாபிலோனின் அக்காடியனுக்கு.

அக்காடியனை எழுதிய ஆப்பு வடிவ எழுத்தான ஆப்பெழுத்தை ஆரம்பத்தில் தொடவே வேண்டாம். நூற்றுக்கணக்கான குறிகள், ஒரே குறிக்குப் பல வாசிப்புகள் என்று அதிலேயே மாட்டிக்கொண்டால் மொழிக்கு வந்து சேர மாட்டீர்கள். பாடநூல்களில் ரோமன் எழுத்தில் பெயர்த்திருப்பார்கள், அதுவே போதும்.

பெயர்ச்சொல்லும் வினையும் கொஞ்சம் பிடிபட்டதும், இலக்கணத்தை முடித்துவிட்டுத்தான் என்று காத்திருக்காமல், நேரே பாபிலோன் மன்னன் ஹமுராபியின் சட்டங்களுக்குப் போய்விடுங்கள். கி.மு. 18ஆம் நூற்றாண்டு உரை, ஆனால் கற்பவருக்கு இவ்வளவு தோதான உரை வேறு இல்லை, ஏனென்றால் நிறைய சட்டங்கள் ‘ஷும்மா அவீலும்’, அதாவது ‘ஒருவன் இப்படிச் செய்தால்’ என்றே தொடங்கும். முதல் சட்டமே ‘ஷும்மா அவீலும் அவீலம் உப்பிர்மா’: ஒருவன் இன்னொருவன்மேல் குற்றம் சாட்டினால். ‘உம்’ என்று முடிவது சாட்டுகிறவன், ‘அம்’ என்று முடிவது சாட்டப்படுகிறவன். (கொலைக் குற்றம் சாட்டி அதை நிரூபிக்காவிட்டால் சாட்டியவனுக்குத்தான் மரணம்.) இதே அச்சில் சட்டம் சட்டமாக வரும்போது, மனப்பாடம் செய்யாமலே வேற்றுமை உருபுகள் பதிந்துவிடும்.

அகராதிக்குச் செலவே வேண்டாம். 1921இல் தொடங்கி 2011இல் முடிந்த சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசிரிய அகராதி இணையத்தில் இலவசம். பெயரில்தான் அசிரியம், உள்ளே இருப்பது மொத்த அக்காடியனும்.

உச்சரிப்பை நினைத்து ரொம்ப மண்டையை உடைக்காதீர்கள். அரபு, ஹீப்ரு போன்ற உறவு மொழிகளை வைத்து ஓரளவு மீட்டதுதான் அது. காதால் கேட்டுத்தான் படிப்பேன் என்றால் உபிக் போல அண்மையில் மறைந்த மொழிகள் பக்கம் போகலாம். அதன் கடைசிப் பேச்சாளர் தெவ்ஃபிக் எசெஞ்ச் 1992இல் இறந்தார், அவர் குரல் பதிவுகள் இருக்கின்றன.

சட்டங்கள் பழகியபின் கடிதங்கள். சட்டத்தில் அதிகம் வராத ‘நான்’, ‘நீ’, கோபம், கெஞ்சல் எல்லாம் அங்கேதான் வரும். மட்டமான செம்பைத் தலையில் கட்டப் பார்த்தான் என்று ஏயா-நாசிர் என்ற வியாபாரிக்கு நன்னி எழுதிய புகாரை எடுத்துக்கொள்ளுங்கள், ‘ஏயா-நாசிருக்குச் சொல், நன்னி சொல்வது இது’ என்று ஆரம்பித்து, என்னை யாரென்று நினைத்தாய் என்கிற வரைக்கும் போகிறது.