5600ஜி வாங்கி இரண்டு மாதம் ஏமாந்த கதையும், குறைந்த விலைப் பிராசசர்களை ஒப்பிடும் முறையும்

அக்கா மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததும், கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் வேலை என் தலையில் விழுந்தது. "படிப்புக்கு மட்டும்தான் மாமா" என்றாள். அக்கா சமையலறையிலிருந்தே சிரித்தாள். ஆக, பாடமும் ஓட வேண்டும், கேமும் ஓட வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி பிராசசரை வாங்கினேன். தேர்வில் பிழையில்லை. ஆனால் அதன் முழு வேகத்தை அவள் பார்க்க இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குக் காரணம் நான். நான்காம் படியில் சொல்கிறேன்.

திருகாணி முடுக்குவதும் விண்டோஸ் போடுவதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். விலை எதையும் எழுதப்போவதில்லை. 2025 இறுதியில் ரேம் விலை ஏறத் தொடங்கியதிலிருந்து, காலையில் கேட்ட விலை மாலையில் இருப்பதில்லை.

படி 1: கிராபிக்ஸ் கார்டு உண்டா, இல்லையா?

பிராசசர் பெயரைப் பார்க்கும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். தனிக் கார்டு (திரையில் வரும் படத்தை உருவாக்கும் பலகை) வாங்கப்போவதில்லை, கேமும் ஆட வேண்டும் என்றால், உள்ளேயே ஓரளவு வலுவான கிராபிக்ஸ் கொண்ட ரைசன் 'ஜி' வகைதான் வழி. கார்டு நிச்சயம் வாங்குவீர்கள் என்றால் ரைசன் 5 5600, இன்டெல்லின் கோர் ஐ5-12400எஃப் போன்றவை. கேமே வேண்டாம், பில் போடவும் படம் பார்க்கவும் போதும் என்றால் கோர் ஐ3-12100 தாராளம். அதில் உள்ள யுஎச்டி 730 கிராபிக்ஸ் கேமுக்கு நோஞ்சான்தான். ஆனால் யூடியூப் இப்போது பரவலாகப் பயன்படுத்தும் ஏவி1 என்ற முறையில் சுருக்கிய வீடியோவை அதுவே விரித்துவிடும். 5600ஜியின் உள்ளே இருக்கும் வேகா கிராபிக்ஸுக்கு அந்த வசதி கிடையாது, பிராசசர் கோர்கள்தான் (கணக்குப் போடும் பகுதிகள்) அந்த வேலையைச் சுமக்க வேண்டும்.

படி 2: பெயரைப் பிரித்துப் படியுங்கள்

'ஐ7' என்ற சொல்லுக்கு மயங்குபவர்கள் இன்னும் குறையவில்லை. பழைய கம்ப்யூட்டர் விற்பவர்கள் காட்டும் ஐ7-4770, 2013இல் வந்தது. நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலை வரிசைகள்). 2022இல் வந்த ஐ3-12100க்கும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட்தான். வேகத்தில் அந்த ஐ7 இதன் பக்கத்தில் நிற்காது. தவிர, இன்டெல்லில் 8ஆம் தலைமுறைக்கு முந்தையவை, ஒரு சில தவிர, விண்டோஸ் 11க்கான ஆதரவுப் பட்டியலிலேயே இல்லை.

கடைசி எழுத்தும் முக்கியம். இன்டெல்லில் 'எஃப்' இருந்தால் உள் கிராபிக்ஸ் இல்லை. கார்டு இல்லாமல் அதை வாங்கினால் திரையில் படமே வராது.

இன்னொரு பொறி: 5600ஜி என்பது 5600உடன் கிராபிக்ஸ் சேர்த்தது என்று நானும் நம்பியிருந்தேன். அப்படியில்லை. இரண்டுக்கும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். ஆனால் 5600இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்) 32 எம்பி, 5600ஜியில் 16 எம்பி. கார்டை இணைக்கும் வழியான பிசிஐஇ 5600இல் 4.0, மற்றதில் 3.0. 5500ஐ எடுத்தால் அது கிட்டத்தட்ட கிராபிக்ஸை அணைத்துவைத்த 5600ஜிதான். கார்டு போட்டு ஆடும்போது இந்தக் கேஷ் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். அந்த வழியில் நான்கே பாதையைப் பயன்படுத்தும் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்டை பிசிஐஇ 3.0இல் சொருகினால் அடி இன்னும் பலமாக விழும்.

படி 3: மூன்றையும் சேர்த்துக் கூட்டுங்கள்

பிராசசர், மதர்போர்டு, ரேம் மூன்றையும் ஒரே வரியில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்4 சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்), டிடிஆர்4 வகை ரேம். 8500ஜி, 8600ஜி ஆகியவை ஏஎம்5. அவற்றுக்கு டிடிஆர்5 மட்டுமே பொருந்தும். இன்டெல் 12ஆம் தலைமுறைக்கு இரண்டு வகை போர்டும் உண்டு, ஆனால் ஒரு போர்டில் ஒரு வகை ரேம்தான். பிராசசரில் மிச்சம் பிடித்ததை ரேமில் விட்டுவிடுவது எளிது.

விமர்சன வீடியோக்களைப் பார்க்கும்போது எந்தக் கார்டு வைத்துச் சோதித்தார்கள் என்று கவனியுங்கள். பிராசசர்களுக்கு இடையிலான வேறுபாடு தெரிய வேண்டும் என்று மிக விலையுயர்ந்த கார்டைப் போட்டுச் சோதிப்பார்கள். அது நியாயமான முறைதான். ஆனால் உங்கள் மேசையில் ஆர்எக்ஸ் 6600 போன்ற நடுத்தரக் கார்டு இருந்தால், பல கேம்களில் பிராசசருக்கு முன் அதுதான் மூச்சு வாங்கும். வீடியோவில் பார்த்த வேறுபாடு உங்கள் வீட்டுக்கு வந்து சேராது. எல்லாவற்றையும் ஒரே மதிப்பெண்ணில் அடக்கும் ஒப்பீட்டுத் தளங்களை நான் திறப்பதே இல்லை.

படி 4: நான் வழுக்கி விழுந்த இடம்

உள் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, ரேமைத்தான் கடன் வாங்குகிறது. கணக்கு எளிது: டிடிஆர்4-3200 என்றால் நொடிக்கு 3200 மில்லியன் முறை, ஒவ்வொரு முறையும் 8 பைட். பெருக்கினால் 25.6 ஜிபி. இரண்டு சேனலில், அதாவது ரேமுக்கும் பிராசசருக்கும் இடையே இரண்டு பாதையில் ஓடினால் 51.2 ஜிபி. 5600ஜி வாங்கிவிட்டு ஒற்றைச் சேனலில் ஓட்டுவது, பந்தி நிறைய ஆளை உட்கார வைத்துவிட்டு ஒரே கரண்டியில் பரிமாறுவது போல.

கடைக்காரர் 16 ஜிபி ரேம் ஒன்றைக் கொடுத்து, "பிறகு இன்னொன்று போட்டுக்கொள்ளலாம் சார்" என்றார். நானும் தலையாட்டினேன். ஜிடிஏ 5 திக்கித் திக்கி ஓடியது. இரண்டு வாரம் டிரைவர் மீது பழி போட்டேன். பிறகு இரண்டாவது ரேம் வாங்கி, முதலாவதை ஒட்டியே சொருகினேன். விண்டோஸ் 32 ஜிபி என்று பெருமையாகக் காட்டியது. கேம் மட்டும் அசையவில்லை.

நான்கு ரேம் குழி உள்ள போர்டுகளில் வழக்கமாக முதல் இரண்டு குழிகள் ஒரு சேனலையும், அடுத்த இரண்டு இன்னொரு சேனலையும் சேர்ந்தவை. பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். போர்டில் ஏ2, பி2 என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். டாஸ்க் மேனேஜர் எத்தனை குழி நிரம்பியிருக்கிறது என்று சொல்லும், சேனலைச் சொல்லாது. அதற்கு சிபியு-இசட் என்ற இலவச நிரலில் மெமரி பக்கத்தைத் திறந்து பாருங்கள். எனக்கு அங்கேதான் உண்மை விளங்கியது.

அங்கே வேகம் 1600 என்று காட்டினால் பதற வேண்டாம். டிடிஆர் கணக்கில் அது இரட்டிப்பாகி 3200 ஆகும். 1200 அல்லது 1333 என்றால், பயாஸில் (போர்டின் அடிப்படை நிரல்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு, அணைந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். சில போர்டுகளில் அதன் பெயர் டிஓசிபி. நான் அசெம்பிள் செய்ததிலும் அது அணைந்தே இருந்தது. எட்டு வாரத்தில் மூன்று பிழை!

படி 5: அளந்து பாருங்கள்

கேம் ஓடும்போதே வேகத்தைத் திரையில் காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் எனக்குப் பிடித்த கருவி. நொடிக்குச் சராசரியாக எத்தனை ஃபிரேம் (படம்) என்று மட்டும் பார்க்காமல், மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் வேகத்தைக் காட்டும் '1 சதவீதத் தாழ்வு' எண்ணையும் பாருங்கள். சராசரி அறுபது, தாழ்வு இருபது என்றால் கையில் உணரப்படுவது அந்த இருபதுதான்.

பின்னர் சேர்த்தது

பழைய பி450 போர்டில் 5600ஜி போட்டதும் திரை கறுப்பாகவே நிற்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். பயாஸ் பழையது. புதிய பிராசசரைப் பொருத்தும் முன், பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். கைமாறி வாங்கிய போர்டு என்றால், பிராசசர் இல்லாமலேயே பென் டிரைவ் வழியாகப் புதுப்பிக்கும் பொத்தான் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

இன்னொருவர் கார்டு வாங்கிப் பொருத்திய பிறகும் கேம் வேகம் ஏறவில்லை என்று புலம்பினார். மானிட்டர் வயரை இன்னும் மதர்போர்டிலேயே சொருகி வைத்திருந்தார். பிடுங்கிக் கார்டில் மாட்டச் சொன்னேன். அன்று இரவு பதில் வரவில்லை, ஆடிக்கொண்டிருந்திருப்பார்.