ஜார் செய்வது ஒரு வேலை, ஜிப் கட்டுவது இன்னொரு வேலை

மொரிஷியஸின் எபேனில் ஜாவா சர்வரோடு மல்லுக்கட்டுகிற நம்ம ஆட்களிடம் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது: கான்ஃபிக் கோப்பில் ஒரு போர்ட் நம்பரை மாற்றினால் முழு சர்வரும் ஏன் மறுபடி கம்பைல் ஆகிறது? பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். ஜார் (கம்பைல் ஆன ஜாவா கோடின் பொட்டலம்) செய்கிற வேலையும், ஜார்களையெல்லாம் பொறுக்கி ஜிப்பாகக் கட்டுகிற வேலையும், ஜாவா பில்ட் கருவியான மேவனில் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டுக் கிடக்கும்.

ஜிப் கட்டுகிற அசெம்பிளி பிளகினைப் பேரன்ட் பாமில் (எல்லா மாட்யூல்களுக்கும் பொதுவான pom.xml கோப்பில்) மாட்டி வைப்பதுதான் பலரும் செய்வது. ஆனால் மேவன் பேரன்டைத்தான் முதலில் பில்ட் செய்யும், அப்போது பிள்ளைகளின், அதாவது அதன் கீழுள்ள மாட்யூல்களின், ஜார் எதுவும் பிறந்திருக்காது. பிள்ளைகளின் ஜார் வந்து விழுகிற டார்கெட் ஃபோல்டரிலிருந்து அள்ளுகிற மாதிரி எழுதியிருந்தால் இன்னும் மோசம்: நேற்றைய பழைய ஜார் ஜிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பில்டோ பச்சையாகவே இருக்கும்.

சரி, பிரிப்பது எப்படி? 'டிஸ்ட்' என்று தனி மாட்யூல் ஒன்று தொடங்குங்கள். அதன் பேக்கேஜிங் வகை 'பாம்', அதாவது அதற்கென்று ஜார் கிடையாது. ஜாவா கோடு ஒரு வரிகூட உள்ளே வரக்கூடாது. சர்வருக்கு வேண்டிய மற்ற மாட்யூல்களை இதன் டிபென்டன்சியாக (இது சார்ந்திருப்பவையாக) எழுதினால், அவற்றுக்குப் பிறகுதான் டிஸ்ட் வரவேண்டும் என்பதை மேவன் தானே புரிந்துகொள்ளும். அசெம்பிளி பிளகினை இங்கே மட்டும் வையுங்கள், பேரன்டிலிருந்து தூக்கிவிடுங்கள்.

அப்புறம் டிஸ்க்ரிப்டர் கோப்பு: எது ஜிப்பில் எங்கே போகவேண்டும் என்று பிளகினுக்குச் சொல்வது. ஜார்கள் லிப் ஃபோல்டருக்கு, ஸ்கிரிப்ட் 'பின்' (bin) ஃபோல்டருக்கு, கான்ஃபிக் அதன் இடத்துக்கு. ஸ்டார்ட் ஸ்கிரிப்டுக்கு 0755 பெர்மிஷனும் (ஓட்டுவதற்கான அனுமதி), லைன் எண்டிங் யுனிக்ஸ் என்பதும் கட்டாயம் கொடுங்கள். விண்டோஸ் லேப்டாப்பில் கட்டிய ஜிப் லினக்ஸில் ஸ்டார்ட் ஆக மறுப்பதற்குப் பாதி நேரம் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். ஆட்கள் என்னவோ முதலில் ஃபயர்வாலைத் திட்டுவார்கள்.

சர்வர் கட்டுகிறவர்கள் மட்டும் மாட்டிக்கொள்கிற ஒன்று உண்டு. சர்வ்லெட் ஏபிஐ (ஜாவா வெப் கோடுக்கான பொது லைப்ரரி) போன்றவற்றை மாட்யூல்களில் 'ப்ரொவைடட்' என்று போட்டிருப்போம், சர்வர் கொடுக்கும் என்ற நம்பிக்கையில். இங்கே கொடுக்கவேண்டிய அந்த சர்வரே நாம்தானே! ப்ரொவைடட் டிபென்டன்சி தானாக டிஸ்டுக்கு வந்து சேராது. அதை டிஸ்டின் பாமில் நேரடியாக, ரன்டைம் ஸ்கோப்பில் (ஓடும்போது வேண்டும் என்ற குறிப்போடு) எழுதவேண்டும்.

ரொட்ரீகஸ் தீவில் இருக்கிற கஸ்டமருக்கு டாக்ஸும் சாம்பிள்களும் இல்லாத சின்ன ஜிப் வேண்டுமா? இரண்டாவது டிஸ்க்ரிப்டர் ஒன்று எழுதினால் போதும், மாட்யூல்களைத் தொடவே வேண்டாம். இரண்டின் ஐடியும் வேறாக இருக்கட்டும், இல்லையென்றால் ஒன்றின் மேல் ஒன்று எழுதிவிடும்.

இனி எல்லா மாட்யூலையும் ஒருமுறை இன்ஸ்டால் செய்துவிட்டு (அதாவது ஜார்களை நம் கணினியின் மேவன் களஞ்சியத்தில் வைத்துவிட்டு), டிஸ்டை மட்டும் தனியாக ஓட்டிப் பாருங்கள். கம்பைல் எதுவும் நடக்காமல் ஜிப் வந்தால் பிரிந்துவிட்டது. மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்து எல்லோரும் வீட்டில் முடங்கி, போன் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கிற நாளில் ஆஃப்லைன் மோடிலேயே இதைக் கட்டிவிடலாம். ஒன்று மட்டும்: மேவன் 3-இல் இப்படித் தனியாக ஓட்டினால், கடைசியாக இன்ஸ்டால் செய்த ஜார்தான் எடுக்கப்படும். ஜாவா கோடு வரிகளையும் மாற்றியிருந்தால், சார்ந்த மாட்யூல்களையும் சேர்த்து பில்ட் செய்யச் சொல்கிற ஆப்ஷனோடு ஓட்டுங்கள்.