முதலில் குண்டு போட்டவர் யார்? உயர்தர மாணவரை விவாதத்துக்குத் தயார்ப்படுத்தும் முறை

இரண்டாம் உலகப் போரில் பொதுமக்கள்மீது முதலில் குண்டு வீசியது ஜேர்மனியா, பிரித்தானியாவா என்று தலைப்புக் கொடுத்தால், இரண்டு அணிகளும் ஆளுக்கொரு திகதியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதையே சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உயர்தர மாணவரைத் தயார்ப்படுத்தும் ஆசிரியர், அவர்கள் பேச்சை எழுதத் தொடங்குமுன்பே, தமது கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது என்பதையும் அந்த நாளைத் தெரிந்தெடுத்த காரணத்தையும் கரும்பலகையில் எழுதச் செய்ய வேண்டும்.

பெரும்பாலும் முதலில் எழுதப்படுவது 1940 ஓகஸ்ட் 24. அன்றிரவு ஜேர்மன் விமானங்கள் இலண்டனின் நடுப்பகுதியில் குண்டு போட்டன. மறுநாள் இரவு பிரித்தானிய விமானங்கள் பேர்லினைத் தாக்கின. செப்டெம்பர் 7 முதல் இலண்டன்மீது தொடர் தாக்குதல் நடந்தது. கேட்பதற்குக் கச்சிதமாக இருக்கும் இக்கதை உண்மையில் நடுவில் தொடங்குகிறது. மே 11ஆம் திகதி இரவே பிரித்தானிய விமானங்கள் ஜேர்மனியின் மொன்ஷன்கிளாட்பாக் நகரைத் தாக்கியிருந்தன. மே 15ஆம் திகதி பிரித்தானியப் போர் அமைச்சரவை ரைன் ஆற்றுக்குக் கிழக்கேயும் குண்டு வீச அனுமதி கொடுத்தது. இதற்கும் முன்னால், 1939 செப்டெம்பர் 1ஆம் திகதி, போர் தொடங்கிய நாளிலேயே போலந்தின் வியெலூன் நகரம் ஜேர்மன் விமானங்களால் தாக்கப்பட்டு, அங்கிருந்த வைத்தியசாலையும் இடிந்தது. அதே நாளில்தான் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், பொதுமக்கள்மீது குண்டு வீச வேண்டாமென்று போரிடும் நாடுகளைக் கேட்டுக்கொண்டார். அம்மாத இறுதியில் வார்சோ தாக்கப்பட்டது. ஐரோப்பியப் போரை மட்டும் எடுத்துக்கொண்டால், போலந்தை விட்டுவிட்டு 1940இல் கணக்கைத் தொடங்கும் அணிக்கு அதற்கான காரணத்தைச் சொல்லும் கடமை உண்டு என்பதே என் கருத்து.

தலைப்பில் 'ஓர் உலகப் போரில்' என்று மட்டும் இருந்தால் 1915 ஜனவரியில், முதலாம் உலகப் போரின்போது, ஜேர்மனியின் செப்பலின் வான்கப்பல்கள் இங்கிலாந்தின் கிரேட் யார்மத் நகரில் வீசிய குண்டுகளையும் பேச வேண்டிவரும். எந்தப் போர் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துவிடுங்கள்.

அடுத்த வேலைதான் கடினமானது. ஒவ்வொரு சம்பவத்துக்கும் மூன்று கேள்விகளைத் தனித்தனியே எழுப்பப் பழக்க வேண்டும்: விமானிக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை என்ன, குண்டு எங்கே விழுந்தது, பின்னர் மக்களுக்குச் சொல்லப்பட்டது என்ன. இதற்கு 1940 மே 10ஆம் திகதிய பிரைபர்க் சம்பவத்தை விடப் பொருத்தமான பயிற்சி கிடையாது. பிரான்சைத் தாக்கப் புறப்பட்ட ஜேர்மன் விமானங்கள் வழிதவறித் தமது நாட்டு நகரமான பிரைபர்க்கின்மீதே குண்டுகளைக் கொட்டின. 57 பேர் இறந்தனர், அவர்களுள் 22 பேர் சிறுவர்கள். நாஜி அரசோ அதை எதிரியின் தாக்குதல் என்று அறிவித்து, பழிவாங்கலுக்கு நியாயமாகக் காட்டியது. நான்கு நாள் கழித்து, சரணடைவது பற்றிய பேச்சு நடந்துகொண்டிருக்கையில், நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரின் மையப்பகுதி ஜேர்மன் குண்டுகளுக்கு இரையானது. அங்கு இறந்தவர்கள் ஏறத்தாழ 850 பேர். நேச நாடுகளின் தரப்பில் அன்று பரவிய தொகை 30,000. ஆகவே போர்க்காலத்தில் சொல்லப்பட்ட எண்ணை மாணவர் மேற்கோள் காட்டினால், அது எந்தத் தரப்பின் எண் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

'நாங்கள் இராணுவ இலக்கையே குறிவைத்தோம்' என்ற பதிலுக்கும் தயாராக இருக்க வேண்டும். 1941 ஓகஸ்டில் பிரித்தானியாவுக்குள்ளேயே தயாரான, தன் விமானங்களின் குண்டுவீச்சு எவ்வளவு குறிதவறாதது என்று ஆராய்ந்த பட் அறிக்கை, இலக்கைத் தாக்கியதாகப் பதிவான விமானங்களில் மூன்றில் ஒன்றே அதற்கு ஐந்து மைல் தூரத்துக்குள் சென்றதாகக் காட்டியது. இரவில் வீசப்பட்ட குண்டு ஊர்மனையில் விழும் என்று தெரிந்த பின்னும் வீசுவதை எந்த வகையில் சேர்ப்பது என்பதை அணிகள் வாதிடட்டும். பிரித்தானியக் குண்டுவீச்சுப் படைக்குக் கொடுக்கப்பட்ட 1942 பெப்ரவரி 14ஆம் திகதிய கட்டளையில் அந்த ஐயத்துக்கே இடமில்லை; எதிரி நாட்டுப் பொதுமக்களின் மனஉறுதியே இலக்கென்று அது சொன்னது. ஆனால் அது 'யார் தொடங்கியது' என்பதற்கு விடையாகாது. முதலில் செய்தவர் மற்றவர் என்பதால் பின்னர் செய்தது நியாயமாகிவிடுவதும் இல்லை. இவ்விரண்டையும் கலக்கும் பேச்சுக்கு நடுவர் புள்ளி குறைக்கலாம்.

ஐரோப்பியச் சம்பவங்களுக்குப் போகுமுன் வகுப்பில் ஒரு பாடவேளையை இலங்கைக்கே ஒதுக்குவது நல்லது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தைத் தாக்க வந்தபோது, அங்கொடை மனநோயாளர் வைத்தியசாலையிலும் குண்டுகள் விழுந்தன. அந்த மூன்று கேள்விகளையும் இதற்கு எழுப்பச் சொல்லுங்கள். எந்த நாட்டின் பக்கமும் சாயும் அவசரம் இல்லாததால் பிள்ளைகள் நிதானமாக யோசிப்பார்கள். கண்டிப் பக்கத்து மாணவர் சிலர் பேராதனைப் பூங்காவில் 1944இல் தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகம் இருந்த பெருமையை நிச்சயம் இழுப்பார்கள். அதற்குப் புள்ளி கிடையாது என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள்.